மாசறுத்தலும் பூச்சும்: சேலம் நாமக்கல் சமவெளியை முன்னிறுத்தி ஓர் ஆராய்ச்சி

1. முன்னுரை

இரும்பைத் துருவும் செம்பைக் களிம்பும் பற்றுதல் உலகியல்பு. அப்பற்றினின்று உலோகத்தைக் காத்தற்கு மக்கள் கண்ட வழிகளுள் தலையாயது, வேறொரு பொருளை அதன்மேற் பூசுதலாகும். நெய், எண்ணெய், ஈயம், துத்தநாகம், வண்ணம் எனப் பூசப்படும் பொருள் காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஆயினும் எப்பூச்சும் மாசின்மேல் நில்லாது. துருவின்மேற் பூசிய வண்ணம் துருவோடு சேர்ந்தே உரிந்து வீழும். களிம்பின்மேல் இட்ட ஈயம் பற்றாது உருண்டு ஓடும். ஆதலின், பூசுதற்கு முன்னர் உலோகத்தின் புறத்தைத் தூய்மை செய்து பதப்படுத்தும் வினையொன்று எக்காலத்தும் எந்நாட்டும் இருந்தே தீரும். இக்காலப் பொறியியலார் அதனை மேற்பரப்பு முன்பதனம் என்பர்.

பூச்சின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. முன்வினையின் வரலாறு எழுதப்படவில்லை. அதனைத் தமிழ் இலக்கியச் சான்றுகளாலும் தொழிலாளர் வழக்குச் சொற்களாலும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். எடப்பாடியை நடுவாகக் கொண்ட சேலம் நாமக்கல் சமவெளி இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான களமாகும். எடப்பாடிக்குக் கிழக்கே இரும்புக்கல் நிறைந்த கஞ்சமலை. வடக்கே மேட்டூரும் அதனைச் சூழ்ந்த பெருங்கற்கால இடங்களும். தெற்கிலும் தென்கிழக்கிலும் சரக்குந்துத் தொழிலாற் பெயர்பெற்ற சங்ககிரியும் நாமக்கல்லும். தொல்லிரும்பு முதல் துருவேறா எஃகு வரை உலோகத்தின் நீண்ட வரலாறு இச்சிறு நிலப்பரப்பினுள் அடங்கிக் கிடக்கின்றது.

2. தொல்லிரும்பும் துருவும்

தமிழகத்தில் இரும்பின் தொன்மை பற்றி அண்மையாண்டுகளில் வெளிவந்த காலக்கணிப்புகள் அறிஞருலகின் கருத்தை ஈர்த்துள்ளன. கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி. மு. 2172 எனக் கணிக்கப்பட்ட செய்தி 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிடப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் காலம் கி. மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்லும் என்னும் அறிக்கை 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வந்தது. சேலம் மாவட்டத்தில் மேட்டூர்ப் பகுதியைச் சார்ந்த தெலுங்கனூர், மாங்காடு ஆகிய இடங்களின் ஈமச்சின்னங்களினின்று கிடைத்த வாள்கள் கி. மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சார்ந்தன என அறியப்பட்டுள்ளன. தெலுங்கனூர் வாள் கரிமம் மிக்க எஃகினால் ஆயது என்பது சிறப்பாகக் கருதத்தக்கது.

இவற்றைக் கண்டு, ‘நம் முன்னோர் துருப்பிடியா இரும்பு செய்தனர்’ என்று கூறுவாரும் உளர். அக்கூற்றுக்கு இப்பொருள்கள் சான்றாகா. அகழ்ந்தெடுக்கப்படும் இரும்புக் கருவிகள் பெரும்பாலும் துருத்திரளாகவே வெளிப்படுகின்றன. உள்ளே எஞ்சிய உலோகத்தைக் கொண்டே ஆய்வாளர் அதன் இயல்பை உணர்கின்றனர். தில்லி இரும்புத் தூண் ஒன்றே இக்கூற்றுக்கு அடிக்கடி துணையாகக் காட்டப்படுவது. அத்தூணின் நிலைபேற்றுக்குக் காரணம் அவ்விரும்பில் மிகுந்துள்ள பாசுபரம் என்பதையும், அது புறத்தே மெல்லிய இரும்புப் பாசுபேட்டுப் படலமாக அமைந்து காக்கின்றது என்பதையும் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் இரா. பாலசுப்பிரமணியம் 2000ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஆய்வுகளில் விளக்கினார். அது அவ்விரும்பிற்கும் அவ்விடத்து வறண்ட காற்றிற்கும் உரிய தனி நிலை. அதனைத் தமிழகத்து இரும்புக்கு ஏற்றிக் கூறுதல் ஆராய்ச்சி நெறியன்று.

ஆகவே நாம் தேடவேண்டியது துருவேறா இரும்பை அன்று. துருவேறும் இரும்பைத் துருவேறாது பேணிய அறிவையே. அவ்வறிவின் தடங்கள் நம் இலக்கியத்தில் உள.

3. நெய்யணிந்த படைக்கலம்

தொண்டைமானிடம் அதியமான் பொருட்டுத் தூது சென்ற ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாடல் யாவரும் அறிந்தது. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனது உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வதுபோலப் பழித்தலும் பழிப்பதுபோலப் புகழ்தலும் ஆகிய அதன் நயத்தை உரையாசிரியர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். தகடூர் அதியமான் நாடு இன்றைய தருமபுரிப் பகுதியாதலின், அப்பாடல் நம் ஆய்வுக்களத்தின் எல்லையையும் தொட்டு நிற்கின்றது.

ஈண்டு நாம் கொள்ள வேண்டியது அப்பாடல் தரும் தொழிற்செய்தியாகும். பயன்படுத்தாது வைக்கப்பெறும் இரும்பிற்கு நெய் பூசுதல் அன்றே வழக்கமாக இருந்தது. நெய்யின் மென்படலம் நீரையும் காற்றையும் இரும்பை அணுகவொட்டாது தடுக்கும். நெய்யணிதலுக்கு முன்னர்த் திருத்துதல் கூறப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கது. எனினும் அத்திருத்தம் காம்பிற்கு உரியதாகவே பாடலில் அமைந்துள்ளது. அதனை இரும்பலகின் துப்புரவு என்று வலிந்து பொருள் கொள்ளுதல் பொருந்தாது. பாடல் காப்புப் பூச்சைக் கூறுகின்றது. அதற்கு முன்னர் அலகைத் தேய்த்து ஒப்பமிட்ட கையைக் கூறவில்லை. அது புலவரின் குறையன்று. அவர்க்கு வேண்டியது அணிசெய்த படைக்கலத்தின் தோற்றமே. ஆனால் வரலாறு நெடுகிலும் இவ்வாறே பூச்சு கண்ணுக்குத் தெரிந்தது. முன்வினை மறைந்து நின்றது.

4. செம்பும் களிம்பும்

முன்வினையாகிய மாசறுத்தலைப் பூச்சினும் பெரிதாக எண்ணிய இலக்கியம் ஒன்றும் தமிழில் உண்டு. அது சைவ சித்தாந்த இலக்கியம். உயிரொடு தொன்றுதொட்டுக் கலந்துள்ள ஆணவ மலத்திற்கு நெல்லின் உமியையும் செம்பின் களிம்பையும் உவமை கூறுதல் அந்நூல்களின் மரபு. திருமந்திரத்திலும் களிம்பு மலத்திற்கு ஆகுபெயராய் நின்று, அதனை அறுத்தலே இறைவன் செயலாகப் பேசப்படுகின்றது.

இவ்வுவமையின் தத்துவப் பொருளை ஆராய்தல் நம் வேலையன்று. அதனுள் அடங்கிய உலோக அறிவே நமக்குப் பொருள். களிம்பு செம்புடன் உடன்பிறந்தது என்பது சித்தாந்தியின் கொள்கை. காற்றும் ஈரமும் புளிப்பும் சேர்ந்து செம்பின்மேல் விளைவிப்பது என்பது வேதியியலார் முடிவு. இரண்டும் மாறுபடினும், அவற்றுக்கு அடிப்படையான காட்சி ஒன்றே. எத்துணை முறை புளியிட்டுத் தேய்த்தாலும் செம்பு மீண்டும் கறுக்கும். சில நாளிற் பசுமை பூக்கும். அடுக்களையில் நாள்தோறும் கண்ட இவ்வுண்மையே உவமையாயிற்று. மேலே ஒன்றைப் பூசி மறைத்தல் விடுதலையாகாது, உள்ள மாசை அறுத்தல் வேண்டும் என்பது இவ்வுவமையின் உயிர்நிலை. தொழிலாளரும் இதனையே வேறொரு வகையிற் கூறுவர்: ‘அழுக்குப் போகாமல் பூச்சு ஏறாது.’

சித்த மருத்துவ நூல்களும் ஈண்டு நினைக்கத்தக்கன. செம்பு, அயம் முதலியவற்றைப் பற்பமாகவும் செந்தூரமாகவும் முடிப்பதற்கு முன், அவற்றைச் சுத்தி செய்யும் முறையை அவை தனியே வகுத்துரைக்கின்றன. சுத்தி செய்யாத சரக்கு மருந்தாகாது. முன்வினையைத் தனிப்பெயரிட்டு, தனி இயலாக்கிப் போற்றிய மரபு தமிழில் மருத்துவத்திற்கே வாய்த்தது.

5. ஈயம் பூசும் தொழில்

உவமையினின்று நேரே தொழிலுக்கு வருவோம். செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசுதல் அண்மைக்காலம் வரை தமிழகமெங்கும் வழங்கிய தொழில். புளிக்குழம்பும் மோரும் செம்பைத் தின்று நஞ்சாக்கும். ஈயப்படலம் அதனைத் தடுக்கும். வெள்ளீயம் தமிழகத்து நிலத்திற் கிடைப்பதன்று. கி. பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்புளூசு என்னும் கிரேக்க நூல், மேற்குக் கடற்கரைத் துறைகளில் இறங்கிய பண்டங்களுள் செம்பு, ஈயம் முதலியவற்றையும் எண்ணுகின்றது.

இத்தொழிலைக் குறிக்கக் ‘கலாய்’ என்னும் சொல்லும் வழங்கும். அரபு மொழியில் வெள்ளீயத்தைக் குறிக்கும் சொல் உருதுவின் வழியாகத் தமிழுக்கு வந்தது. அவ்வரபுச் சொல், மலாயாத் தீபகற்பத்தில் இருந்த ‘கலா’ என்னும் துறைமுகப் பெயரடியாகப் பிறந்தது என்றும், அத்துறை கடாரமே என்றும் அறிஞர் சிலர் கருதுவர். அது முடிந்த முடிபன்று. எனினும் நம் சமவெளியின் தெருவில் வழங்கிய ஒரு தொழிற்சொல், ஈயம் வந்த கடல்வழியைச் சுட்டி நிற்கக் கூடும் என்பது சுவையான செய்தி.

தொழின்முறை வருமாறு. ஈயம் பூசுவோர் ஊர்தோறும் சென்று, தெருவோரத்திற் சிறுகுழி தோண்டிக் கரியிட்டுத் துருத்தியால் ஊதி உலை அமைப்பர். பாத்திரத்தை முதலில் புளியோ திராவகமோ இட்டுத் துலக்குவர். பெரிய அண்டாவாயின் உள்ளே மணலும் சாக்குத் துணியும் இட்டு, ஒருவர் அதனுள் நின்று, இருகாலாலும் அழுத்தித் திரும்பித் திரும்பித் தேய்ப்பார். பின் கழுவி, உலையிற் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவுவர், வெண்புகை எழும். அந்நொடியில் ஈயக்கோலைத் தொட்டு, உருகிய ஈயத்தைப் பஞ்சினாலோ துணியினாலோ உட்புறமெங்கும் விரைந்து பரப்புவர். நீரில் அமிழ்த்த, பாத்திரம் வெள்ளிபோல் ஒளிரும்.

இதன் ஒவ்வொரு படியும் காரணமுடையது. புளியிலுள்ள தார்த்தாரிக் அமிலம் செம்பின் களிம்பைக் கரைக்கின்றது. மணல், கரையாத கறையைச் சுரண்டுவதோடு உலோகப் புறத்தை நுண்ணிதாகக் கீறிப் பூச்சிற்குப் பிடிப்பும் தருகின்றது. ஆயினும் துலக்கிய செம்பைச் சூடேற்றுங்கால், சூட்டினாலேயே புதிய ஆக்சைடு படியும். அதனை நீக்குவதே நவச்சாரத்தின் தொழில். அம்மோனியம் குளோரைடாகிய அது சூட்டிற் பிரிந்து அமில ஆவியைத் தர, அவ்வாவி ஆக்சைடைத் தின்று உலோகத்தை வெறும்புறமாக்குகின்றது. 232 பாகை செல்சியசில் உருகும் ஈயம் அவ்வெறும்புறத்தைத் தொட்டதும் செம்போடு கலந்து இடைக்கலவையாகின்றது. அக்கலவையே பூச்சின் வேர். நவச்சாரம் தூவுதலுக்கும் ஈயம் பரப்புதலுக்கும் இடையில் நேரம் செல்லலாகாது. இந்நேரக் கணக்கை ஈயம் பூசுவோர் ஏட்டிற் கற்றிலர்; புகையின் நிறத்தையும் ஈயத்தின் ஓட்டத்தையும் கண்டே கற்றனர்.

இவ்வாறு நோக்கின், தொழிலின் பெரும்பகுதி மாசறுத்தலே என்பதும், ஈயம் பூசும் கணம் மிகச் சிறிது என்பதும் புலனாகும். எனினும் தொழில் பெற்ற பெயர் ‘ஈயம் பூசுதல்’ என்பதே. அண்டாவினுள் நின்று மணல் தேய்த்தவரின் உழைப்பு பெயரில் இடம்பெறவில்லை.

6. நவச்சாரத்தின் நீட்சி

இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறையை 1742இல் பிரெஞ்சு வேதியியலார் மலூயின் அறிவித்தார். 1837இல் சோரேல் அதற்குக் காப்புரிமை பெற்றபின் அது பெருந்தொழிலாயிற்று. இன்று மின்கோபுரங்களும் கூரைத் தகடுகளும் அம்முறையாற் காக்கப்படுகின்றன. அத்தொழிலின் படிகளை நோக்குக: காரநீரிற் கழுவி எண்ணெய்ப் பசையை நீக்குதல், திராவகத்தில் இட்டுத் துருவையும் உருட்டுச் செதிளையும் நீக்குதல், துத்தநாக அம்மோனியம் குளோரைடுக் கரைசலில் தோய்த்தல், இறுதியில் உருகிய துத்தநாகத்தில் அமிழ்த்தல். மூன்றாம் படியில் தோன்றும் உப்பு, தெருவோர உலையில் தூவப்பட்ட நவச்சாரத்தின் உறவினதே. புளிக்கு ஈடாகக் கனிம அமிலமும், மணலுக்கு ஈடாகச் செதிள் நீக்கமும் வந்தன. வரிசைமுறை மாறவில்லை.

இங்கு ஒரு சொற்குறிப்பு. தகரம் என்பது ஈயத்தையும், பின்னர் ஈயம் பூசிய இரும்புத் தகட்டையும் குறித்தது. இன்று துத்தநாகம் பூசிய கூரையையும் மக்கள் தகரம் என்றே வழங்குகின்றனர். உள்ளே இருப்பது இரும்பாயினும், பொருள் தன் பூச்சின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

7. பாசுபேட்டும் காரைக்குடியும்

வண்ணப்பூச்சிற்குரிய முன்வினைகளுள் இருபதாம் நூற்றாண்டிற் சிறந்து விளங்கியது பாசுபேட்டுப் படலம் அமைத்தல். 1906ஆம் ஆண்டில் இங்கிலாந்தினரான காசுலெட்டு என்பார் பாசுபாரிக் அமிலத்தைக் கொண்டு இரும்பைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீர்த்த அமிலம் இரும்பின் புறத்தைச் சிறிது கரைக்கும். கரையுமிடத்தில் அமிலத்தன்மை குறையும். குறைந்தவுடன் கரையாத பாசுபேட்டுகள் நுண்படிகங்களாகப் புறத்தே படியும். இப்படிகப்படலம் தானே முழுக்காப்பாகாது. அதன் நுண்துளைகளில் வண்ணம் வேரூன்றி நிற்கும். வண்ணம் ஓரிடத்தில் கீறப்பட்டாலும் துரு அடியிற் பரவுதல் தடைப்படும். தில்லித் தூணிற் பாசுபரம் தானாகச் செய்ததை, ஈண்டு மனிதர் வேண்டிச் செய்கின்றனர் எனலாம். இத்துறை முழுவதையும் திரட்டிக் கூறும் விரிவான ஆய்வுரை ஒன்றைச் சென்னையிலுள்ள தேசிய உலோகவியல் ஆய்வகக் கிளையைச் சார்ந்த சங்கர நாராயணன் 2005இல் வெளியிட்டார். உலக ஆய்வாளர் பலரும் எடுத்தாளும் கட்டுரை அது.

இத்துறையில் தமிழகம் பெற்ற பெரும்பேறு காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமாகும். வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் ஈய, 1948ஆம் ஆண்டு சூலை 25இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953ஆம் ஆண்டு சனவரி 14இல் இராதாகிருட்டிணன் திறந்து வைத்தார். உலோக அரிப்பும் அதன் தடுப்பும் அந்நிலையத்தின் முதன்மைத் துறைகளுள் ஒன்று. கான்கிரீட்டில் இடும் முறுக்குக் கம்பிகளைக் காக்க அந்நிலையம் வகுத்த முறை, 1979இல் ஐ. எஸ். 9077 என்னும் இந்தியத் தர விதியாயிற்று. அதன் வரிசை வருமாறு: துருநீக்கும் கரைசலில் கம்பியை முக்குதல், காரப்பொடியால் துடைத்துத் தூய்மை செய்தல், பாசுபேட்டுக் கூழைத் தூரிகையால் தடவி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை விட்டுத் துடைத்தல், அரிப்புத் தடுப்புக் கரைசல் பூசுதல், பின் சிமெண்டுக் குழம்பு பூசுதல், இறுதியில் அடைப்புக் கரைசல் இடுதல். காப்பாகிய சிமெண்டுக் குழம்பு வருமுன் நான்கு படிகள் செல்கின்றன. முன்வினையை இத்துணை விளக்கமாக எழுத்தில் வடித்தமை பாராட்டத்தக்கது. அண்டாத் தேய்த்தவர் கையோடு போன அறிவு போன்றதொன்று, ஈண்டு விதியாகி நிலைத்தது.

8. கஞ்சமலை அடிவாரத்தில்

கஞ்சமலையின் இரும்புக்கல்லை உள்ளூர்க் கொல்லர் சிற்றுலைகளில் உருக்கி வந்தனர். 1830ஆம் ஆண்டுகளில் ஈத்து என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நிறுவிய ஆலைக்குச் சேலத்து இரும்புக்கல் கொண்டு செல்லப்பட்டது, அம்முயற்சி நிலைக்கவில்லை. 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 16இல் கஞ்சமலையின் அடிவாரத்தில் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1981இல் அங்கே துருவேறா எஃகுத் தகடு உருட்டும் பணி தொடங்கிற்று.

துருவேறா எஃகு தன் காப்பைத் தானே தருவது. அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிசனோடு கூடி, கண்ணுக்குப் புலனாகா மென்படலமாகப் புறத்தே நிற்கும். கீறினும் மீண்டும் கூடும். ஆயினும் அவ்வெஃகும் மாசறுத்தலின்றி ஒளி பெறுவதில்லை. உருட்டிச் சூடேற்றிய தகட்டின் செதிளை அமிலத் தொட்டியில் நீக்கிய பின்னரே அப்படலம் செவ்விதாக அமையும்.

இவ்வெஃகுப் பாத்திரங்கள் வீடுதோறும் புகுந்தபின் ஈயம் பூசும் தொழில் வீழ்ந்தது. வெல்லப்பட்ட தொழிலுக்காக வருந்துதல் வரலாற்றாசிரியர் கடமையன்று. பித்தளையைத் தேய்த்துத் தேய்த்துக் கைகன்றிய மகளிர் எவரும் அதற்கு வருந்தியிரார். ஆனால் தொழிலோடு சொற்களும் போகின்றன. அதுவே நாம் கருதவேண்டியது.

9. சொல்லும் கடமையும்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். பூச்சிற்குத் தமிழிற் பெயர்ச்சொற்கள் பல: பூச்சு, மெழுக்கு, முலாம், கலாய். முன்வினைக்கோ வினைச்சொற்களே பல: துலக்குதல், தேய்த்தல், சுரண்டுதல், துடைத்தல், விளக்குதல். பூசப்பட்டது பொருளாய்க் கண்முன் நிற்பதால் பெயர் பெற்றது. அறுக்கப்பட்ட மாசு இல்லாது போவதால், அறுத்த செயல் வினையளவிலேயே நின்றது. இவற்றுள் ‘விளக்குதல்’ என்னும் சொல் தனிச்சிறப்புடையது. பாத்திரத்தை மாசறுத்தலும் பொருளைத் தெளிவித்தலும் அவ்வொரு சொல்லால் உணர்த்தப்படுகின்றன. மேலே ஒன்றைச் சேர்த்தலன்று, மறைப்பதை நீக்கி உள்ளதை ஒளிபெறச் செய்தலே விளக்கம் என்னும் கருத்து அச்சொல்லில் பொதிந்துள்ளது.

இன்றும் சங்ககிரி, நாமக்கல் பகுதிகளில் சரக்குந்துக்குக் கூடு கட்டி வண்ணம் பூசும் தொழிலாளர், ‘உப்புத்தாள் போடுதல்’, ‘பட்டி பார்த்தல்’, ‘பிரைமர் அடித்தல்’ என்று தம் முன்வினைகளைப் பகுத்து வழங்குகின்றனர். உப்புத்தாள் என்பது கரடுபடிந்த தாளுக்குத் தமிழர் தாமே இட்ட பெயர். அதன் மணிகள் உப்பைப் போன்று தோன்றுதலின் அப்பெயர் பெற்றது போலும். கலைச்சொல் ஆக்குவோர் இத்தகைய சொற்களை நோக்காது, நூலகத்தில் அமர்ந்து புதியன புனைகின்றனர். புனைந்த சொல் அகராதியில் நிற்கின்றது. வழங்கிய சொல் பட்டறையோடு அழிகின்றது.

தெலுங்கு நாட்டில் பத்திரிராசு கிருட்டிணமூர்த்தியார் முன்னின்று தொகுத்த தொழிற்சொற் பேரகராதியின் முதல் தொகுதி 1962இல் உழவுத்தொழில் பற்றி வெளிவந்தது. தொழிலாளர் வாயினின்றே சொற்களைத் திரட்டிய பணி அது. உலோகத் தொழிலுக்கு அத்தகைய தொகுப்பொன்று தமிழில் வேண்டும். ஈயம் பூசிய முதியோர் சிலர் இன்னும் உளர். கொல்லர், கன்னார், வண்ணம் பூசுவோர் உளர். அவர்தம் சொற்களைப் பொருளோடும் செய்முறையோடும் திரட்டுதல் முதுகலை மாணாக்கர் பலர் கூடிச் செய்யத்தக்க பணி.

10. முடிவுரை

புறநானூறு பூச்சைக் கூறிற்று. சித்தாந்தம் மாசறுத்தலைக் கூறிற்று. ஈயம் பூசுவோர் இரண்டையும் ஒரு கையாற் செய்தனர். காரைக்குடி அவ்வரிசையை ஆய்ந்து விதியாக எழுதிற்று. துருவேறா இரும்பைச் செய்தோம் என்னும் பெருமைக்குத் தமிழகத்துச் சான்றில்லை. துருவேறுவதை அறிந்து, அதனை அறுத்து, பின்னரே பூசவேண்டும் என்னும் ஒழுங்கை உணர்ந்திருந்தோம் என்பதற்குச் சான்றுண்டு. அப்பெருமையே உண்மையானது, போதுமானதும் ஆகும். அதனை நிலைநிறுத்தும் சொற்கள் இன்னும் சில முதியோர் நாவில் உள்ளன. அவற்றைக் காலம் கடவாது எழுத்திற் கொணர்தல் தமிழாய்வாளர் கடன்.